மௌனம் எதற்குச் சான்று?

விண்டோஸ் 10 ஓடும் ஒரு கணினி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'திஸ் பிசி' என்பதைச் சொடுக்குகிறார் ஒருவர். முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து முக்கால் தூரம் போய், அங்கேயே தங்கிவிடுகிறது. மறுபடி சொடுக்குகிறார், அசைவில்லை. ஜன்னல் வெளிறிப்போகிறது. தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்ற சொற்கள் தோன்றுகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துத் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்: "ஹேங் ஆயிடுச்சு, எண்ட் டாஸ்க் கொடுங்க."

அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. ஒரு ஜன்னலை நடத்தும் நிரலுக்குச் செய்திகள் வந்தபடியே இருக்கும்: இங்கே சொடுக்கினார்கள், இந்த விசையைத் தட்டினார்கள், உன்னை மறுபடி வரைந்துகொள். ஐந்து விநாடி வரை அவற்றை அது எடுத்தே பார்க்காவிட்டால், பதில் தராத நிரல் என்று விண்டோஸ் முடிவுகட்டும். உடனே அசல் ஜன்னலை மறைத்துவிட்டு, கடைசியாகத் தெரிந்த தோற்றத்திலேயே ஒரு மாற்று ஜன்னலை அந்த இடத்தில் நிறுத்தும். பொறியாளர்கள் இதை 'கோஸ்ட் விண்டோ' என்பார்கள். அதைப் பிடித்து இழுக்கலாம், சிறிதாக்கலாம், மூடச் சொல்லலாம். அத்தனைக்கும் பதில் சொல்வது விண்டோஸ்தான், எக்ஸ்ப்ளோரர் இல்லை. எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளே என்ன நேர்ந்தது என்பதை அந்த வெளிறிய பரப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறாவது விநாடியில் பதில் தரவிருந்த நிரலும், இனி என்றைக்குமே பதில் தராத நிரலும் வெளியே நிற்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

ஒன்று தென்படவில்லை, அதனிடமிருந்து குரல் வரவில்லை. அதை வைத்து அது இல்லை என்று எப்போது சொல்லலாம்? இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. கடவுளின் மௌனம் பற்றிய வாதங்கள் எல்லாமே, ஆத்திகர் தரப்பானாலும் நாத்திகர் தரப்பானாலும், இதன் மேல்தான் நிற்கின்றன. முடங்கிய எக்ஸ்ப்ளோரரைச் சரிபார்க்க உட்காரும் தொழில்நுட்பர் இதே கேள்வியை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்க்கிறார். அவர் செய்வதைக் கூர்ந்து கவனித்தால் அந்தப் பழைய வழக்கில் சில இடங்கள் தெளிகின்றன.

மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி அவளுக்கு அறிவின் வழிகளை அடுக்கிச் சொல்கிறான். வியாசர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் வகுத்ததாக அவன் கணக்கு. அந்தப் பத்தில் ஒன்று அபாவம்: ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. காண்பது ஓர் அறிவு, கருதி அறிவது ஓர் அறிவு, அவற்றைப் போலவே 'இல்லை' என்பதும் ஓர் அறிவு என்கிறான்.

ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர் இதை உறுதியாகப் பிடித்தார். தரையில் குடம் இல்லை என்று ஒருவர் அறிகிறார். கண் பார்த்தது தரையை; குடத்தின் இன்மையைக் கண் எப்படிப் பார்க்கும்? ஆகவே இன்மையை அறிவதற்குத் தனி வழி வேண்டும், காணாமையே அந்த வழி என்றார். நையாயிகர்கள் மறுத்தார்கள்: வெறுந்தரையைக் காணும் கண்ணே இன்மையையும் காண்கிறது என்பது அவர்கள் கட்சி. பௌத்தரான தர்மகீர்த்தி, காணாமை ஒரு வகை ஏது மட்டுமே, அதைக் கொண்டு அனுமானம் செய்கிறோம் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய அருணந்தி சிவாச்சாரியாரும் சிவஞான சித்தியாரின் அளவை இயலில் இயல்பு, காரியம், அநுபலத்தி என ஏதுக்களை மூன்றாக்கினார். மூன்றாவதான அநுபலத்திக்குக் குளிரின் இன்மையையும் பனியின் இன்மையையும் இணைக்கும் எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறார்.

இத்தனை சண்டைக்கு நடுவிலும் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு. காணாமை எப்போதும் இன்மையைக் காட்டிவிடாது. பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலை முதலில் இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கிறது, கண் பழுதில்லை, பார்ப்பவர் அந்தப் பக்கம்தான் பார்க்கிறார், குடம் கண்ணுக்குப் புலப்படும் பொருள்தான். இவ்வளவும் கூடியிருந்து குடம் தெரியாவிட்டால்தான் 'இல்லை' என்று சொல்லும் உரிமை பிறக்கிறது. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடத்தைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. காணத் தகுதி இருந்தும் காணாமை என்று இதைச் சொல்லலாம். தர்மகீர்த்தி மறுபக்கத்தையும் வகுத்து வைத்தார். இடத்தால் தொலைவானது, காலத்தால் தொலைவானது, இயல்பாலேயே புலனுக்கு எட்டாதது ஆகிய மூன்றிலும் காணாமை தருவது ஐயம் மட்டுமே, முடிவு தராது. பிசாசு அந்த மரபில் வழக்கமான எடுத்துக்காட்டு. கண்ணுக்குத் தெரியாத இயல்புடையது என்று ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு, கண்ணுக்குத் தெரியவில்லை ஆகையால் அது இங்கே இல்லை என்று வாதிட முடியாது.

இந்த நிபந்தனையோடு எக்ஸ்ப்ளோரரிடம் திரும்பலாம்.

சின்ன அலுவலகங்களில் அடிக்கடி நேர்வது இது. ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய பழைய சர்வர் ஒன்றின் ஃபோல்டரை ஒவ்வொரு கணினியிலும் 'இசட்' என்ற எழுத்தில் நெட்வொர்க் டிரைவாக இணைத்து வைத்திருப்பார்கள். சர்வரை மூட்டைகட்டி மாதங்கள் ஆகியிருக்கும். இணைப்பை எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றியிருக்காது. 'திஸ் பிசி' பக்கத்தைத் திறந்தால் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு டிரைவிடமும் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும். உள்ளே இருக்கும் டிஸ்க் கண் இமைப்பதற்குள் பதில் தந்துவிடும். 'இசட்' டிரைவுக்கான கேள்வியோ வலையில் இறங்கி, யாரும் இல்லாத முகவரிக்குப் போகும். விண்டோஸின் நெடுங்கால ஏற்பாட்டின்படி முதல் அழைப்புக்கு 3 விநாடி, இரண்டாவதற்கு 6, மூன்றாவதற்கு 12 என்று பொறுத்துப் பார்த்து, 21 விநாடி கழித்தே இணைப்பு முயற்சியைக் கைவிடும். மேலடுக்கு ஒன்று மறுபடி கேட்டால் அந்த 21 விநாடி மறுபடி ஓடும். டெஸ்க்டாப்பும் கீழே இருக்கும் டாஸ்க்பாரும் எக்ஸ்ப்ளோரர் நிரலின் பகுதிகளே ஆகையால் சில வேளை அவையும் சேர்ந்து உறையும். கணினி முழுதுமே செத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறது.

அனுபவம் உள்ளவர் இங்கே எண்ட் டாஸ்க் கொடுப்பதற்கு முன் வேறு வாசல்களில் தட்டிப் பார்ப்பார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறார். டாஸ்க் மேனேஜர் சட்டென்று வருகிறது. ஆகவே கணினி உயிரோடுதான் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் சிபியு கணக்கைப் பார்க்கிறார்: பூஜ்யம். அது எதையும் போட்டுக் குடைந்துகொண்டிருக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. ஒருவேளை சிபியுவின் ஒரு கோர் முழுவதையும் அது விழுங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு; பாதியில் நின்றுபோன ஒரு வீடியோ ஃபைலுக்குச் சிறுபடம் செய்ய முயன்று அது சுற்றிச் சுற்றி வரலாம். அடுத்து டீடெயில்ஸ் பகுதியில் 'அனலைஸ் வெயிட் செயின்' என்பதை அழுத்துகிறார். எது எதற்காகக் காத்திருக்கிறது என்ற சங்கிலி தெரியக்கூடும். டாஸ்க் மேனேஜரிலிருந்தே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'சி' டிரைவின் பட்டியலைக் கேட்கிறார்: உடனே கொட்டுகிறது. 'இசட்' டிரைவைக் கேட்கிறார்: கர்சர் துடித்தபடி நிற்கிறது. 'நெட் யூஸ்' கட்டளையால் அந்த இணைப்பை நீக்கியதும் எக்ஸ்ப்ளோரர் சில நொடியில் மீள்கிறது. நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

அவர் செய்தது எல்லாம் தகுதியை நிறுவும் வேலை. ஜன்னலின் மௌனத்தை அவர் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. இந்த வழியாகக் கேட்டால் பதில் வந்திருக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே கேட்டார். பதில் வந்தே தீர வேண்டிய வழியில் வராதபோதுதான் அந்த மௌனத்துக்குப் பொருள் கொடுத்தார்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். மறுப்பு வேறு, மௌனம் வேறு. அதே முகவரியில் ஒரு கணினி விழித்திருந்து, நீங்கள் கேட்கும் சேவை இங்கே கிடையாது என்று திருப்பி அனுப்பினால் எக்ஸ்ப்ளோரர் ஓரிரு விநாடியில் பிழைச்செய்தி காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். 'இல்லை' என்பது முழுமையான பதில். காக்கவைத்துக் கொல்வது பதிலே வராத நிலைதான். வழிபடுகிறவர்கள் அறிந்த வேதனையும் இதுதான். மறுக்கப்பட்டதாக உணர்பவர் கோபித்துக்கொள்ளலாம், வாதாடலாம். ஒன்றுமே வராதவருக்குக் கோபிக்கவும் எதிரில் ஆள் வேண்டும்.

தன் மேசை மேல் இருக்கும் கணினியில் உள்ளே எட்டிப் பார்க்க வாசல் உண்டு. வலைக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க வாசல் இல்லை. இந்த இடைவெளியைக் கணினி அறிவியல் 1985-இல் ஒரு தேற்றமாகவே நிறுவியது. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை அது. செய்தி போய்ச்சேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்ற உச்சவரம்பு இல்லாத ஒரு வலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலும், எல்லாக் கணினிகளும் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தரும் நிர்ணயமான வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்று காட்டினார்கள். ஆழத்தில் கிடக்கும் காரணம் எளிது: இறந்ததையும் மிக மெதுவானதையும் பிரித்தறிய வழியில்லை. ஆலன் டூரிங் 1936-இலேயே இதற்கு நெருங்கிய உறவான ஒன்றை நிறுவியிருந்தார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றாவது நிற்குமா, முடிவில்லாமல் ஓடுமா என்று சொல்லிவிடும் பொதுவழி கிடையாது.

தேற்றம் வந்துவிட்டதே என்று பொறியாளர்கள் கைகழுவிவிடவில்லை. 1996-இல் துஷார் சந்திராவும் சாம் டூஎக்கும் வேறொரு பாதை காட்டினார்கள். ஒவ்வொரு கணினியும் மற்றவற்றைப் பற்றி ஓர் ஐயப் பட்டியல் வைத்திருக்கட்டும். நெடுநேரம் பதில் தராததைப் பட்டியலில் சேர்க்கட்டும். அது பிறகு பேசினால் நீக்கட்டும். ஐயம் தவறாகப் போகலாம், ஆனாலும் சில எல்லைகளுக்குள் தவறினால் அதைக் கொண்டே கூட்டு முடிவை எட்டிவிடலாம் என்று நிறுவினார்கள். தர்மகீர்த்தி தொலைவில் உள்ளவற்றுக்கு வகுத்த இடத்தில், 'ஐயம் மட்டுமே' என்ற அதே இடத்தில், இன்றைய பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. ஐயத்தை ஒரு குறையாகப் பார்த்துப் பழகிய நமக்கு, அதை முறைப்படுத்தினால் அதன் மேல் ஒரு கட்டடமே எழுப்பலாம் என்பது பெரிய செய்தி.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதற்கு மட்டும் எந்தத் தேற்றமும் விடை தராது. ஐந்து விநாடி என்பது இயந்திரத்தின் இயல்பிலிருந்து வந்த எண் இல்லை. மனிதப் பொறுமையை மனத்தில் வைத்து மனிதர் வைத்த கெடு. டிஸ்குகளில் இது கண்கூடாகத் தெரியும். தேய்ந்துபோன ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது, வீட்டுக் கணினிக்கான சாதாரண டிஸ்க் விடாமல் மறுபடி மறுபடி முயலும். சில நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல். பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டிய ரெய்டு அமைப்புக்கான டிஸ்க் 7 விநாடியில் முயற்சியை நிறுத்தி 'படிக்க முடியவில்லை' என்று சொல்லிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் வழக்கமாக டிஸ்கின் பதிலுக்கு 30 விநாடி பொறுக்கும். சாதாரண டிஸ்கை ரெய்டில் மாட்டினால் விபரீதம். கெட்டுப்போன ஒரு துண்டை மீட்க டிஸ்க் உள்ளே போராடிக்கொண்டிருக்கும்போதே வெளியே கெடு முடிந்துவிடும். உயிரோடு இருக்கும் டிஸ்க் செத்ததாக வெளியே தள்ளப்படலாம். டிஸ்க் செய்தது பிழையில்லை, லினக்ஸ் செய்ததும் பிழையில்லை. இரண்டின் பொறுமையும் ஒத்துப்போகவில்லை.

தவறான இரங்கல் செய்திகள் விண்வெளியிலும் உண்டு. 2000-இல் ஏவப்பட்ட நாசாவின் 'இமேஜ்' செயற்கைக்கோள் 2005 டிசம்பரில் பேச்சை நிறுத்தியது. 2007-இல் ஒரு கிரகண காலத்தில் மின்சாரம் குறைந்து அது தானே மறுதொடக்கம் ஆகலாம் என்று காத்திருந்தார்கள், குரல் வரவில்லை, திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். 2018 ஜனவரியில் வேறொரு செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அமெச்சூர் ஆர்வலரின் வானொலியில் இமேஜின் குரல் கேட்டது. அதே 2018-இல் செவ்வாயில் புழுதிப்புயலில் சிக்கிய 'ஆப்பர்ச்சூனிட்டி' ஊர்தி ஜூன் 10-க்குப் பிறகு பேசவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பிப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13 அன்று அதற்கும் முடிவுரை எழுதினார்கள். இரண்டு முறையும் நாசா ஒரே விதமான காரியத்தைத்தான் செய்தது. காத்திருப்பதற்கு ஆகும் செலவையும் மீளும் வாய்ப்பையும் எடைபோட்டு ஒரு தேதியைத் தேர்ந்துகொண்டது. அந்தத் தேதி வானத்திலிருந்து வந்ததில்லை.

இப்போது கடவுளின் மௌனத்துக்கு வரலாம். விவிலியத்தின் அரசர் முதல் நூலில் கர்மேல் மலைக் காட்சி இருக்கிறது. பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலையிலிருந்து உச்சிவேளை வரை தங்கள் தெய்வத்தை அழைக்கிறார்கள், பதில் இல்லை. எலியா கேலியாகக் காரணங்களை அடுக்குகிறார்: ஆழ்ந்த யோசனையில் இருக்கிறாரோ, வேறு வேலையோ, பயணமோ, உறக்கமோ. கேலிதான் என்றாலும் பட்டியல் சரியானது. ஒவ்வொன்றும் 'இல்லை' என்பதற்கு மாற்றான 'தாமதம்'. இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடும் இடம் அதற்கு முன்னால் வருகிறது. நெருப்பால் பதில் தருபவரே கடவுள் என்று எலியா முதலில் விதி வைக்கிறார், மக்கள் அதை ஏற்கிறார்கள். எது பதிலாகக் கணக்காகும் என்பதை அழைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள். மௌனத்தைச் சான்றாக்கும் தகுதி அங்கே மக்களின் ஒப்புதலால் நிறுவப்பட்டது.

நம் காலத்தில் கனடாவின் தத்துவவாதி ஜே.எல். ஷெல்லன்பெர்க் 1993-இல் முன்வைத்த வாதம் இதே வடிவம் கொண்டது. முழுமையான அன்புடைய கடவுள் ஒருவர் இருந்தால், தன்னோடு உறவாட மறுக்காத எந்த மனிதருக்கும் அந்த உறவின் வாசலைத் திறந்தே வைத்திருப்பார். உறவாட, அவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையாவது வேண்டும். ஆனால் எந்த முரண்டும் பிடிக்காமல், நேர்மையாகத் தேடியும், நம்பிக்கை வராத மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே அப்படிப்பட்ட கடவுள் இல்லை. கடவுளைக் காணவில்லை, ஆகவே இல்லை என்ற மேலோட்டமான வாதம் இல்லை இது. இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அன்பு என்ற குணத்திலிருந்து முதலில் வருவித்துவிட்டு, பிறகே காணாமையைக் கையில் எடுக்கிறது. முறைப்படி கட்டிய வாதம். இதை எழுப்புகிறவர்களைச் செருக்குள்ளவர்கள் என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது.

எதிர்க்கட்சியின் மிகப் பெரிய வக்கீல் மிதிலையைச் சேர்ந்த உதயணர், பத்தாம் நூற்றாண்டு நையாயிகர். நியாயகுசுமாஞ்சலி என்ற தம் நூலின் மூன்றாம் பகுதியில், கடவுளைக் காணவில்லை என்பது கடவுள் இல்லை என்று காட்டாது என்று வாதிடுகிறார். புலனுக்கு எட்டும் தகுதி உள்ளதற்குத்தான் காணாமை சான்றாகும். கடவுளோ அத்தகைய பொருள் அல்ல. கண்டதே உண்மை என்னும் சார்வாகனுக்கு அவர் சொல்லும் பதில் மறக்க முடியாதது. வீட்டை விட்டு வெளியே போன சார்வாகன், மனைவி மக்கள் கண்ணுக்குத் தெரியாததால் அவர்கள் இல்லை என்றே முடிவுசெய்து, மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியவன்தானே, வீடு திரும்புவது எதற்கு என்கிறார்.

உதயணரின் கேடயம் உறுதியானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, பக்தர்கள் பலர் அதைக் கொடுக்கத் தயாராக இருப்பதில்லை. கடவுள் புலனுக்கும் எதிர்பார்ப்புக்கும் எட்டாதவர் ஆகையால் அவருடைய மௌனத்துக்குப் பொருள் இல்லை என்று சொன்ன மறுகணமே, அவருடைய பதில்கள் என்று நாம் எண்ணிக்கொள்பவற்றுக்கும் அதே நியாயம் பொருந்தும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் வேண்டுதல் பலித்தது என்று கணக்கில் வரவு வைத்துவிட்டு, விடாதபோது அவன் சித்தம் யாரறிவார் என்று கணக்கையே மூடிவிடுவது நேர்மையான கணக்கு ஆகாது. ஒரு வழியாகப் பதில் வரும் என்று நம்பினால், அந்த வழியில் வராத மௌனமும் எடையில் ஏற வேண்டும். உதயணருக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் காணாமையை மறுத்ததோடு நின்றுவிடாமல், நூலின் ஐந்தாம் பகுதியில் உலகம் ஒரு காரியம் ஆகையால் அதற்குக் கர்த்தா வேண்டும் என்பது முதலாகத் தனி ஏதுக்களை வரிசையாக நிறுத்தினார். ஜன்னல் பேசவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடாமல், வேறு வாசலில் போய்த் தட்டினார். அந்த ஏதுக்கள் தேறுமா என்பது வேறு வழக்கு. பௌத்தர்கள் நெடுங்காலம் அதை நடத்தினார்கள்.

ஷெல்லன்பெர்க்கின் வாதத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு: கெடு. அன்பு எவ்வளவு காலம் மறைந்திருக்கலாம்? ஒரு நாளா, ஒரு வாழ்நாளா? திருமறைக்காட்டில் நடந்ததாகச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் நிகழ்ச்சி இந்த இடத்தைத்தான் தொடுகிறது. வேதங்கள் பூசித்துத் தாழிட்டதாகச் சொல்லப்படும் கோயில் கதவு. அது திறக்கும்படி பாடுமாறு சம்பந்தர் கேட்க, அப்பர் பாடுகிறார். கதவு திறக்கவில்லை. இறைவன் அந்தப் பாட்டின் இனிமையைத் துய்க்கவே தாமதித்தார் என்று சேக்கிழார் வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். அப்பருக்கு அது தெரியாது. அவர் மனம் நொந்து, இரக்கமில்லையா என்று கேட்ட பிறகே கதவு திறக்கிறது. மூடுவதற்குச் சம்பந்தர் பாடத் தொடங்குகிறார். முதல் பாட்டிலேயே மூடிக்கொள்கிறது. இறைவன் திருவுள்ளம் அறியாமல் போனோமே என்று அப்பர் கலங்கிக் கிடக்கிறார். ஒரே கதவு, ஒரே தெய்வம், இரண்டு கெடு. தாமதத்தைக் குறையாகப் படித்த அப்பர் தவறினார் என்பதே சேக்கிழாரின் தரப்பு.

அழகான பகுதி. ஆனால் கதவு திறந்த பிறகு சொல்லப்பட்ட கதை அது என்பதையும் மறக்கக்கூடாது. பாடிப் பாடித் திறக்காத கதவுகளுக்கு முன் நின்றவர்களைப் பற்றிப் புராணம் எழுதப்படுவதில்லை. மருத்துவமனை வராந்தாக்களில் அவர்கள் இருக்கிறார்கள். தாமதத்துக்கு உள்நோக்கம் உண்டு என்பதை உள்ளே இருந்து பார்த்துச் சொல்ல ஒரு சேக்கிழார் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களிடம் போய் 'இது சோதனை' என்று உறுதியாகச் சொல்வதும், 'யாருமில்லை' என்று உறுதியாகச் சொல்வதும் கையில் இல்லாத தகவலை இருப்பதாகக் காட்டுவதுதான்.

ஆக, காத்திருப்பதா, எழுந்து போவதா என்ற முடிவை மௌனம் தருவதில்லை. அதை வேறொன்று தீர்மானிக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் வலைவழிக் கோப்பு முறை இதைத் துலக்கமாகக் காட்டும். தொலைவில் உள்ள சர்வரின் ஃபோல்டரை லினக்ஸ் கணினியில் இணைக்கும்போது நிர்வாகி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'சாஃப்ட்' என்று இணைத்தால், சர்வர் சில முயற்சிகளுக்குப் பதில் தராதபோது கர்னல் கைவிட்டு, பதில் இல்லை, கெடு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதும். கேட்ட நிரலுக்குப் பிழையைத் திருப்பித் தரும். 'ஹார்டு' என்று இணைத்தால் கைவிடவே கைவிடாது. பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன் என்று எழுதிவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். இரண்டுக்கும் கையில் இருக்கும் சான்று ஒன்றுதான், அதே மௌனம். வேறுபாடு முழுதும் முன்பே எடுத்த முடிவில் இருக்கிறது. அந்த முடிவை நிர்வாகிகள் எடுப்பது, பணயமாக இருப்பது எது என்பதைப் பார்த்து. படிக்க மட்டுமே பயன்படும் ஃபோல்டரை சாஃப்டாக இணைக்கலாம். எழுதப்படும் தரவு உள்ள இடத்தில் சாஃப்ட் ஆபத்து: பாதி எழுதிய நிலையில் கைவிட்டால் கோப்பே சிதையும். அதனால் இயல்பு ஏற்பாடு ஹார்டு. சமய நம்பிக்கை இப்படிப்பட்ட முடிவுக்கு நெருக்கமானது என்று தோன்றுகிறது. நம்புகிறவரிடம் நம்பாதவரிடம் இல்லாத தகவல் ஏதோ இருக்கிறது என்பதைவிட, இங்கே இழக்கக்கூடாதது ஒன்று இருக்கிறது என்று அவர் முன்னமே தீர்மானித்திருக்கிறார் என்பது உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

ஹார்டு இணைப்புக்கு ஒரு கொடுமையான பக்கம் இருந்தது. சர்வர் போய்விட்டால், அதற்காகக் காத்திருக்கும் நிரல் 'டி நிலை' என்னும் உறக்கத்தில் விழும். ஃபைல் மேனேஜர் அந்த ஃபோல்டரைத் தொட்டிருந்தால் அதுவும் உறையும். கில் கட்டளையின் மிகக் கடுமையான வடிவத்தைக் கொடுத்தாலும் அந்த நிரல் சாகாது. கணினியையே அணைத்துப் போட வேண்டியிருந்தது. 2008-இல் வந்த லினக்ஸ் 2.6.25 இதை மாற்றியது. அதன் பிறகு, காத்திருக்கும் நிரலை அதன் உரிமையாளர் நிறுத்திவிடலாம். இணைப்பு அறுவதில்லை, சர்வர் செத்ததாக யாரும் அறிவிப்பதில்லை. அந்த ஒரு நிரல் மட்டும் காத்திருப்பிலிருந்து வெளியேறுகிறது. கடவுள் இல்லை என்று ஒருநாளும் சொல்லாமல், வேண்டுவதை மட்டும் நிறுத்திவிட்ட மனிதர்கள் நம் குடும்பங்களில் உண்டு. நாத்திகர் என்றோ பக்தி குறைந்தவர் என்றோ அவர்களை எழுதிவைக்கும் பழக்கத்தை நாம் விடலாம். அவர்கள் எந்தத் தீர்ப்பும் வழங்கவில்லை. சர்வர் திரும்பினால், காத்திருந்த மற்ற நிரல்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெளியேறிய நிரலை முதலிலிருந்து தொடங்க வேண்டும், தொடங்கவும் முடியும்.